பாதியில் இறங்க முடியாத உலா

அத்தியாயம் 7

கடலுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். கரையில் நின்று பார்த்தாலே என் வயிறு ஒரு தினுசாகப் பேச ஆரம்பித்துவிடும். இது நன்றாகத் தெரிந்திருந்தும் துருவி மேடம் காலையிலேயே என்னை இழுத்துவந்து ஓர் உல்லாசப் படகின் மேல்தட்டில் உட்கார வைத்திருந்தார். கழுத்தில் ஒரு மஞ்சள் அட்டை வேறு. அதில் ‘உடன் வந்தவர்’ என்று அச்சடித்திருந்தது.

“யாரோட வந்தேன்னு கேட்டா என்ன மேடம் சொல்றது?”

“பல்லோட வந்தேன்னு சொல்லு. சொல்லிட்டு வாயை மூடிக்கோ.”

மேடத்தின் சொந்தப் பெயர் எங்கள் துப்பறியும் ஆபீஸின் போர்டில்கூடக் கிடையாது. ஒருவரைக் கேள்வி கேட்க ஆரம்பித்தால் தேங்காய் மாதிரி ஓடு தெரிகிறவரை துருவாமல் விடமாட்டார்; பெயர் அப்படி வந்தது. நான் அவருடைய உதவியாளன். கார் ஓட்டுவது, ஆட்களைப் பின்தொடர்வது, மேடத்திடம் வாங்கிக் கட்டிக்கொள்வது ஆகிய மூன்றும் என் இலாகா.

ஊரில் பல் டாக்டர்கள் மாநாடு நடந்துகொண்டிருந்தது. டாக்டர்கள் எல்லாரும் குளுகுளு அரங்கத்தில் உட்கார்ந்து ஈறுகளைப் பற்றிப் பேசுவார்கள். கூட வந்த மனைவிமார்களை மாநாட்டுக்காரர்களே பஸ்ஸில் ஏற்றிப் போய் ஊரைச் சுற்றிக் காட்டுவார்கள். டாக்டர்களுக்கு நீல அட்டை, பெயரோடு. உடன் வந்தவர்களுக்கு மஞ்சள் அட்டை, பெயர் கிடையாது. தொலைந்துபோனால் எந்த டாக்டரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று மட்டும் பின்பக்கம் எழுதியிருக்கும். குழந்தைகளுக்கும் குடைகளுக்கும் செய்கிற ஏற்பாடுதான்.

எங்களை வேலைக்கு அமர்த்தியவரும் ஒரு மஞ்சள் அட்டைதான். பல் டாக்டர் ஒருவரின் மனைவி. கணவருடைய கிளினிக்குக்கு மேல்மாடியில் பல்செட் செய்கிற லேப் இவருடையது. முறையாகப் படித்து, கணவரைவிடச் சீனியராக அந்தத் தொழிலுக்கு வந்தவர். ஆகவே இவரை லேப்காரம்மா என்றே சொல்லிவிடுகிறேன்.

லேப்காரம்மாவின் மாமியாருக்கு வாதம் வந்து முகத்தில் ஒரு பாதி தொங்கிப்போனது. சாப்பிடுவதெல்லாம் செத்த கன்னத்துக்குள் ஒதுங்கிக்கொள்ளும். எந்தப் பல்செட்டும் அந்த வாயில் நிற்காது. லேப்காரம்மா மெழுகை வைத்து வைத்து எடுத்து, பல்செட்டின் ஒரு பக்கச் சுவரை மட்டும் தடிமனாக்கி, விழுந்த கன்னத்தை உள்ளிருந்தே தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஒன்றைச் செய்துவிட்டார். மாமியார் கண்ணை மூடுகிறவரை அதைப் போட்டுக்கொண்டுதான் சாப்பிட்டார். மாமியார் கடிப்பதற்கு மருமகளே பல் செய்துகொடுத்த கதையை நான் அன்றுதான் கேட்டேன். இதை வாய்விட்டும் சொன்னேன். மேடம் முறைத்தார்.

அந்தப் பல்செட்டைப் பற்றி இன்றைக்கு மாநாட்டில் டாக்டர் பேசுவதாக இருந்தது. பேச்சின் நடுவில் மனைவியை மேடைக்கு அழைத்து, செய்தவர் இவர்தான் என்று சொல்வதாக வாக்கும் கொடுத்திருந்தார். வாக்கு நிறைவேறுகிறவரை பெட்டியைக் கையைவிட்டு விடுவதில்லை என்று லேப்காரம்மா பிடிவாதமாக இருந்தார். மேடையில் வைத்துத்தான் தருவேன் என்று கணவரிடமே சொல்லிவிட்டு, பெட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றினார்.

நேற்று மீன் காட்சியகத்துக்குப் போனார்கள். உள்ளே பை கொண்டுபோகக் கூடாது என்றதால் எல்லாரும் பையை பஸ் சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கினார்கள். திரும்பி வந்தால், லேப்காரம்மாவின் பையில் பர்ஸ் இருக்கிறது, போன் இருக்கிறது. பல்செட் பெட்டியை மட்டும் காணோம்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவே இல்லையாம். பொருள் இல்லாமல் என்னத்தைப் பேசுவது, பேச்சை ரத்து செய்துவிடுகிறேன், நீ அதையே நினைத்துக்கொண்டிருக்காமல் நாளைக்குப் படகில் போய்விட்டு வா என்று தலையைத் தடவிக்கொடுத்தாராம். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று லேப்காரம்மா இன்று காலை எங்கள் ஆபீஸில் உட்கார்ந்து அழுதார். சாயங்காலம் நிறைவு விழாவுக்குள் பெட்டி கிடைத்துவிட்டால் காலில் விழுந்தாவது கணவருக்குக் கொஞ்ச நேரம் வாங்கிக் கொடுத்துவிடுவாராம்.

“என்னால அவர் தலைகுனிஞ்சு ஊருக்குத் திரும்பக் கூடாது மேடம். அது ஒண்ணுதான் எனக்கு வேணும்.”

அதற்காகத்தான் நான் கடலில் இருக்கிறேன். நேற்று பஸ்ஸில் போன அத்தனை பேரும் இன்றைக்கு இந்தப் படகில் இருக்கிறார்கள். சந்தேகப்பட வேண்டியவர்களை வீடு வீடாகத் தேடிப்போகாமல் ஒரே தட்டில் பரிமாறிக் கொடுத்திருக்கிறார்கள் என்று மேடத்துக்குச் சந்தோஷம்.

முதலில் வழிகாட்டியைப் பிடித்தார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னக் கொடியைத் தூக்கிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நடக்கிற மனிதர். நேற்று பஸ்ஸைப் பூட்டவில்லையா என்று மேடம் கேட்டார். பூட்டவில்லை, பூட்ட வேண்டிய அவசியம் இல்லை, செயலாளர் வீட்டு அம்மாவுக்கு முட்டி வலி என்று அவர் மட்டும் இறங்காமல் பஸ்ஸிலேயே இருந்துவிட்டார் என்று கொடிக்காரர் சொன்னார். டிரைவர் தன்னோடு டிக்கெட் கவுண்டர் பக்கத்திலேயே நின்றிருந்ததாகவும் சொன்னார்.

செயலாளர் வீட்டு அம்மா என்பவர் மாநாட்டுச் செயலாளரின் மனைவி. எல்லாரும் அவரைத் தலைவி என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் போகாத மாநாடு இல்லை, ஏறாத பஸ் இல்லை. இப்போதும் படகின் முன்புறத்தில் நின்று யாருக்கு நிழல் சீட்டு, யாருக்குத் தலைவலி மாத்திரை என்று பங்கிட்டுக்கொண்டிருந்தார்.

மேடம் லேப்காரம்மாவிடம் வந்து விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு முகமே மாறிவிட்டது.

“அக்காவையா சொல்றீங்க? எனக்கு ஆபரேஷன் ஆனப்போ ஆஸ்பத்திரியில ராப்பகலா கூட இருந்தது அவங்கதான். அவங்களைச் சந்தேகப்பட்டா எனக்குச் சோறு எறங்காது.”

“சந்தேகப்படறது என் வேலைம்மா. நீங்க பாட்டுக்கு நம்பிக்கிட்டு இருங்க” என்றார் மேடம், ஆறுதல் சொல்கிற குரலில்.

என் மூளையும் சும்மா இருக்குமா? தலைவி தன் புருஷனுக்காகத் திருடியிருக்கிறார், கேஸ் முடிந்தது, கரைக்குப் போகலாம் என்று மேடத்தின் காதில் ஓதினேன். அந்த ஆள் செயலாளராகி ஒரு வாயைத் திறந்து பார்த்தே வருஷக்கணக்காகிறது, அவருக்கு எதற்குப் பல்செட் என்று மேடம் தள்ளிவிட்டார்.

“எடுத்தது யாருங்கறது கஷ்டமே இல்லடா. யாருக்காக எடுத்தாங்கங்கறதுதான் கேள்வி. நகைன்னா யார் கழுத்துலயும் தொங்கும். பல்செட்டு அப்படியா? ஒரு வாய்க்குச் செஞ்சது இன்னொரு வாய்க்கு ஆகாது. வித்தா வாங்க ஆள் கிடையாது. இந்த ஊர்ல அதுக்கு இன்னிக்கு ஒரே ஒரு உபயோகம்தான் இருக்கு.”

என்ன உபயோகம் என்று கேட்டேன். மேடம் மறுபடியும் கொடிக்காரரிடம் போனார். நானும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடிப் பின்னால் போனேன்.

இந்தப் படகு உலா எப்போது முடிவானது என்று மேடம் கேட்டார். அதை ஏன் கேட்கிறீர்கள் என்று கொடிக்காரர் அலுத்துக்கொண்டார். இன்றைக்கு உலாவே கிடையாதாம். கடைசி நாளில் உடன் வந்தவர்களையும் அரங்கத்தில் பின்வரிசையில் உட்கார விடுவது இந்த மாநாட்டில் வழக்கமாம். நேற்று மீன் காட்சியகத்திலிருந்து திரும்பிய பிறகு தலைவி வந்து, பெயர் சொல்ல விரும்பாத ஒரு டாக்டர், மனைவிமார் எல்லாருக்கும் இன்றைக்கு ஓர் உலாவை அன்பளிப்பாகக் கொடுக்கிறார், இரவோடு இரவாக ஏற்பாடு செய்ய வேண்டும் என்றாராம்.

“நான் பூங்கா சொன்னேன், பழைய கோட்டை சொன்னேன். எல்லாத்துக்கும் தலையை ஆட்டிட்டாங்க. பாதியில யாரும் கெளம்பி வர்ற மாதிரி எடம் வேணாம்னாங்க. அப்படின்னா படகுதாம்மா, நடுவுல எறங்கறதா இருந்தா நீச்சல் தெரிஞ்சிருக்கணும்னு சிரிச்சேன். உடனே சரின்னுட்டாங்க.”

மேடம் சிரிக்கவில்லை. திரும்பிக் கரையைப் பார்த்தார். மாநாடு நடக்கிற ஹோட்டல் தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்துவிட்டிருந்தது.

பிறகு நிதானமாக நடந்து லேப்காரம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஊர்க்கதை பேசுகிறவர் மாதிரி ஆரம்பித்தார். டாக்டர் இன்றைக்குக் காலையில் எப்படி இருந்தார், பாவம், சாப்பிட்டாரா, ரூமிலேயே படுத்துவிட்டாரா என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

படுக்கவில்லை, மாநாட்டுக்காரர்களை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்கப் போயிருக்கிறார் என்றார் லேப்காரம்மா. போகிற இடத்தில் மரியாதையாக இருக்க வேண்டும் என்று கோட்டை அயர்ன் செய்துதரச் சொன்னாராம்.

“டை?”

“கட்டினார். அவருக்குக் கட்டத் தெரியாது மேடம். கல்யாணம் ஆனதுலேருந்து நான்தான் கட்டிவிடறேன்.”

“என்ன கலர்?”

“மெரூன். மேடைக்குன்னு ஒண்ணு வாங்கி வெச்சிருந்தோம், அதை...”

லேப்காரம்மா தன் கைகளையே பார்த்தார். காலையில் அந்த முடிச்சைப் போட்ட கைகள்.

“முடிச்சு நேரா இருக்கான்னு ரெண்டு தடவை கேட்டார்” என்றார். “மன்னிப்புக் கேக்கறவர் ஏன் இவ்வளவு பாக்கறார்னு நெனச்சேன். பாவம், மனசு ஒடஞ்சு போயிருக்கார்னு நானே பதிலும் சொல்லிக்கிட்டேன். அவர் ரத்து பண்ணலை, இல்லையா மேடம்?”

  அந்த டாக்டரின் கழுத்தில் டையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

அவர் பேச்சு எப்போது என்று மேடம் கேட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்திய கடைசிப் பேச்சு என்றார் லேப்காரம்மா. படகு கரை சேருவதோ சாப்பாட்டுக்கு அப்புறம்தான். கணக்காகத்தான் போட்டிருந்தார்கள்.

மேடம் என்னைப் பார்த்தார்.

“தம்பி, உனக்கு உடம்பு சரியில்ல.”

“நல்லாத்தானே மேடம் இருக்கேன்?”

“இல்ல. நெஞ்சு வலிக்குது.”

வலித்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்தேன். நடிக்கத்தான் ஆரம்பித்தேன். ஆனால் படுத்த பிறகு படகின் ஆட்டம் நேராக வயிற்றுக்குள் இறங்கி, மீதி வேலையை அதுவே பார்த்துக்கொண்டது. மஞ்சள் அட்டைகள் எல்லாரும் ஓடி வந்தார்கள். பல் டாக்டர் வீட்டுப் பெண்கள் அல்லவா, முதல் காரியமாக என் வாயைத்தான் திறந்து பார்த்தார்கள். கடைவாயில் இரண்டு சொத்தை என்று கண்டுபிடித்தார்கள். நெஞ்சு வலிக்கு மருந்து சொல்லத்தான் ஆள் இல்லை. நான் வாந்தி எடுத்த வேகத்தைப் பார்த்துவிட்டுப் படகோட்டியே பயந்துபோய்ச் சுக்கானைத் திருப்பினார்.

படகு கரையை நோக்கித் திரும்பியதைப் பார்த்ததும் தலைவி மட்டும் என் பக்கம் வராமல் ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். மேடம் அவருக்கு எதிரில் போய் உட்கார்ந்தார். லேப்காரம்மாவும் போனார். நான் படுத்திருந்த இடத்திலிருந்து எல்லாம் நன்றாகக் கேட்டது.

“நேத்து மீன் பாக்க ரெண்டு படி எறங்க முடியாத முட்டி, இன்னிக்கு இந்தச் செங்குத்து ஏணியில எல்லாருக்கும் முன்னாடி ஏறிடுச்சே” என்றார் மேடம்.

தலைவி மேடத்தைப் பார்க்கவே இல்லை. லேப்காரம்மாவிடம்தான் பேசினார்.

“உன் வீட்டுக்காரர்தான் வந்து கேட்டார். நீ மேடையில பயந்து நின்னுடுவ, ரெண்டு பேர் பேரும் கெட்டுப்போயிடும், பேச்சு முடிஞ்ச கையோட பெட்டியைத் திருப்பிக் கொடுத்துடறேன்னார்.”

“நீங்க அதை நம்பினீங்களாக்கா?”

பொய் சொல்லித் தப்பித்துக்கொள்ள அதுதான் இடம். நம்பினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், லேப்காரம்மா அந்த நிமிஷமே மன்னித்திருப்பார். தலைவி அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

“நம்பலை. தெரிஞ்சுதான் எடுத்துக் கொடுத்தேன். எத்தனை வருஷமா எத்தனை ஊரு, எத்தனை பஸ்ஸு. அவங்க எல்லாரும் உள்ள பெரிய மனுஷங்களா உக்காந்திருப்பாங்க, நாம வெளியில ஒண்ணா இருந்தோம். இன்னிக்கு நீ மேடை ஏறிட்டேன்னா அடுத்த வருஷம் நீல அட்டையை மாட்டிக்கிட்டு உள்ள போயிடுவ. நான் யாரோட போய் மீனைப் பாப்பேன்?”

லேப்காரம்மா அழவில்லை. கணவர் செய்தது துரோகம் என்பது அவருக்கு டை விஷயத்திலேயே தெரிந்துபோயிருந்தது. அந்த அடி விழுந்தபோதுகூட, சாய்ந்துகொள்ள ஒரு தோள் மிச்சம் இருக்கிறது என்று நினைத்திருப்பார். இப்போது அதுவும் இல்லை. எழுந்து நின்றார்.

“கேட்டிருந்தா உங்களையும் கூட்டிக்கிட்டுத்தானேக்கா உள்ள போயிருப்பேன்” என்றார்.



கரையில் இறங்கியதும் மேடம் ஒரு டாக்ஸியைப் பிடித்தார். முன் சீட்டில் ‘நோயாளி’யாகிய நான். பின் சீட்டில் மேடமும் லேப்காரம்மாவும். யாரும் கூப்பிடாமலே தலைவியும் வந்து மூன்றாவதாக உட்கார்ந்துகொண்டார். வேண்டாம் என்று லேப்காரம்மா சொல்லவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை.

அரங்கத்தின் கதவில் நின்றிருந்த காவலாளி எங்கள் அட்டைகளைப் பார்த்துக் கையை நீட்டித் தடுத்தார். நீல அட்டைக்கு மட்டும்தான் அனுமதியாம், மஞ்சள் அட்டைகள் எல்லாம் இன்றைக்குப் படகில் இருக்க வேண்டுமாம். உள்ளே மேடையில் இருக்கிற பல்லுக்கு உடன் வந்தவர்கள் நாங்கள் என்றேன் நான். அந்த ஆளுக்கு நகைச்சுவை உணர்ச்சி கொஞ்சமும் இல்லை.

தலைவிதான் முன்னால் வந்தார். கதவைத் திறப்பா, நான் சொல்கிறேன் என்றார். செயலாளர் வீட்டு அம்மா சொன்னால் மறுபேச்சு கிடையாது. கதவு திறந்தது. அவர் உள்ளே வரவில்லை.

அரங்கம் நிரம்பியிருந்தது. மேடைக்குப் பின்னால் பெரிய திரையில், ஆள் உயரத்துக்கு அந்தப் பல்செட். அதன் கீழே லேப்காரம்மாவின் கணவர் பெயர் மட்டும். மேடையில் அவரே நின்றிருந்தார். நல்ல உயரம், நல்ல குரல், கையில் நிஜப் பல்செட். தடுமாற்றமே இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார். திருட்டுப் பொருளை விளக்குகிறவன் கொஞ்சமாவது திக்குவான் என்று நான் எதிர்பார்த்தது தப்பு.

“இதுக்கு எந்தப் புத்தகத்தையும் நான் பாக்கலை. எங்கம்மாதான் எனக்குப் புத்தகம். ஒவ்வொரு வேளையும் அம்மா பக்கத்துல உக்காந்து நானே ஊட்டிவிடுவேன். எங்க ஒதுங்குது, எங்க கன்னம் விழுதுன்னு என் விரலுக்குத் தெரியும். அந்த விரல் செஞ்சதுதான் இது.”

குரல் தழுதழுத்தது. அரங்கம் கைதட்டியது. முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

லேப்காரம்மா எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

“பல்லை மட்டும்தான் எடுத்துட்டார்னு நெனச்சேன்” என்றார், யாரிடமோ சொல்வதைப் போல. “அத்தையையும் எடுத்துட்டார்.”

 மேடம் என் விலாவில் இடித்தார். கேள்வி நேரம் என்று மேடையில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசைப் பக்கம் மைக்கை வைத்துக்கொண்டு நின்ற ஊழியரிடம் போய், ஒரு டாக்டர் கேள்வி கேட்கிறார் என்று கூசாமல் பொய் சொல்லி மைக்கை வாங்கிவந்து லேப்காரம்மாவின் கையில் கொடுத்தேன். அவர் சண்டை போடப்போகிறார், திருடன் என்று கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தட்டும் என்றுதான் இருந்தது எனக்கு. அவர் வீட்டுக் கூடத்தில் பேசுகிற குரலில் பேசினார்.

“ஒரே ஒரு கேள்வி டாக்டர். அம்மாவுக்கு ஊட்டும்போது எந்தப் பக்கமா உக்காருவீங்க?”

டாக்டர் குரல் வந்த திசையைப் பார்த்தார். மனைவியைக் கண்டுகொண்டார். நடுக்கடலில் இருக்க வேண்டியவளை வாசல் பக்கம் பார்த்தவரின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஆனாலும் மனிதர் சமாளித்துக்கொண்டார். சிரித்தார். எந்தப் பக்கம் என்று அரங்கம் காத்திருந்தது.

அவர் குனிந்து கையிலிருந்த பல்செட்டைப் பார்த்தார். அதைத் திருப்பினார். கட்டைவிரலால் ஒரு பக்கச் சுவரைத் தடவினார், பிறகு மறுபக்கச் சுவரைத் தடவினார். தடித்த பக்கம் எது என்று கண்டுபிடித்து, தன் முகத்துக்கு நேராக வைத்து, மறுபடி ஒருமுறை திருப்பினார். உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் பல் டாக்டர்கள். அவர் எதைத் தேடுகிறார் என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“வலது பக்கம்” என்றார் டாக்டர்.

“சரிதான்” என்றார் லேப்காரம்மா. “அங்கதான் நான் உக்காந்திருந்தேன்.”

மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். யாரும் கைதட்டவில்லை. முன்வரிசைப் பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, லேப்காரம்மாவைப் பார்த்தார். பெரியவரைத் தொடர்ந்து அரங்கமே ஒவ்வொரு வரிசையாகத் திரும்பியது.